வரமா, உழைப்பா?

சங்கீதம் தெய்வ கடாட்சமென்று சொல்லுகிறவர்கள், அமெரிக்காவில் நியூஜெர்சியிலிருந்து கிளம்பிய ஈ ஸ்ட்ரீட் பேண்ட் என்னும் வாத்தியக் கோஷ்டியைச் சற்றுக் கவனிக்கட்டும். 1972-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு கூடிய இவர்கள், ராக்கும் சோலும் கலந்த பாட்டை ஊர் ஊராய் மேடையேறி வளர்த்தார்கள். 1975-ல் வந்த இசைத்தட்டின் உறைப்படத்தில், வெள்ளையரான ஸ்பிரிங்ஸ்டீன் கறுப்பரான சாக்ஸபோன்காரர் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் தோளில் சாய்ந்து நிற்கிறார். நிறபேதம் மலிந்த நாட்டில் இது அற்ப விஷயமா? 1989-ல் பிரிந்தும் 1999-ல் மறுபடி சேர்ந்து சுற்றினார்கள். 2011-ல் கிளெமன்ஸ் இறந்தார். அப்போதும் கோஷ்டி கலையவில்லை. மறு வருஷமே ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிஷம் வாசித்தார்கள். ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அன்று வயது 62! இந்தச் சக்தியைக் கொடுத்தது எந்தத் தேவதை? மேடைமேடையாய்ப் பட்ட பாடல்லவா? அதை வரமென்பது, பாடுபட்டவன் கூலியைப் பாடுபடாதவனுக்குக் கொடுப்பதேயாகும்.