புது லேப்டாப், பழைய ஆப்: அப்டேட் ஏன் நிக்குது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. இன்ஜினியரிங் கடைசி வருஷம். அப்பா இஎம்ஐ-ல புது லேப்டாப் வாங்கிக் கொடுத்து ஒன்பது நாள்தான் ஆகுது. "அண்ணா, கூடவே வந்த ஆப் எதுவுமே அப்டேட் ஆகல. கேமரா, போட்டோஸ், நோட்பேட் எல்லாம் 'பெண்டிங்'னே நிக்குது. திங்கட்கிழமை பிளேஸ்மென்ட் டெஸ்ட், கேமரா ஆன் பண்ணித்தான் எழுதணும். பக்கத்துக் கடையில கேட்டா, விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும், 1500 ரூபாய்னு சொல்றாங்க. கொடுத்துடவா?"

கொடுக்காதீங்கன்னு உடனே பதில் போட்டேன். ஏன்னு இந்த எபிசோட்ல சொல்றேன். நான் சொல்றது விண்டோஸ் 11 லேப்டாப்புக்கு.

புதுசுதான், ஆனா பழசு

பிஸ்கட் பாக்கெட்டை நீங்க இன்னைக்கு வாங்கினாலும் அது தயாரான தேதி வேற இல்லையா? லேப்டாப்பும் அப்படித்தான். தொழிற்சாலையில டிஸ்க்ல விண்டோஸை ஏத்தின அன்னைக்கு என்ன வெர்ஷன் இருந்ததோ, அதுதான் உங்க கைக்கு வருது. நடுவுல குடோன், கப்பல், கடைன்னு மாசக்கணக்கில தூங்கியிருக்கும். அதனால முதல் நாள் எல்லாமே ஒண்ணா அப்டேட் கேக்கும். அது கோளாறு இல்ல, பாக்கி.

இந்தப் பாக்கி ஒரே வழியில வர்றதும் இல்ல. விண்டோஸுக்கும் டிரைவர்களுக்கும் விண்டோஸ் அப்டேட். போட்டோஸ், கேமரா, நோட்பேட், கால்குலேட்டர் மாதிரி ஆப்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோர். லேப்டாப் கம்பெனி போட்டுத் தந்த டூல்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கம்பெனியோட சொந்த அப்டேட் ஆப். எட்ஜ் பிரவுசர் தன்னைத் தானே பாத்துக்கும். கூடவே வர்ற ஆபீஸுக்கு, வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுண்ட், அப்டேட் ஆப்ஷன்ஸ்னு போகணும். வேர்டு அப்டேட்டை ஸ்டோர்ல தேடிட்டு இருந்தா கிடைக்காமப் போகலாம். முதல்ல எது எந்த வழியில வருதுன்னு பிரிச்சுக்கோங்க.

வரிசையா செய்ய வேண்டியது

முதல்ல கடிகாரம். சிரிக்காதீங்க. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம். டைம் ஸோன்ல சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லின்னு ஒண்ணா வர்ற வரியைத் தேர்ந்தெடுங்க. சில பேர் ஸோன் வேற நாட்டில இருக்கிறதைக் கவனிக்காம, மணியை மட்டும் கையால மாத்தி வெச்சிருப்பாங்க. பாக்க நேரம் சரியா இருக்கும், உள்கணக்கு பல மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்களை விண்டோஸ் தேதி, நேரம் வெச்சுத்தான் சரிபார்க்கும். அது தப்பா இருந்தா ஸ்டோர் சர்வரோட பேசவே முடியாமப் போகலாம். ஸோனைச் சரி பண்ணிட்டு 'சிங்க் நவ்' அழுத்துங்க.

ரெண்டாவது நெட். செட்டிங்ஸ்ல நெட்வொர்க், வைஃபை, நீங்க இணைஞ்சிருக்கிற நெட்வொர்க்கோட ப்ராப்பர்ட்டீஸ். அங்க 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன்ல இருக்கான்னு பாருங்க. 'டேட்டா அளவா செலவாகணும்'னு விண்டோஸுக்கு நாம சொல்ற சுவிட்ச் அது. ஆன்ல இருந்தா பெரும்பாலான அப்டேட் தானா இறங்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருக்கிறவங்க இதை அவசியம் பாக்கணும். ஆனா ஒரு எச்சரிக்கை: ஆஃப் பண்ணிட்டு தினம் ஒன்றரை ஜிபி பேக்ல விட்டீங்கன்னா, டேட்டா காலையிலேயே காலி. ஃப்ரெண்டு வீடோ ஹாஸ்டலோ, நல்ல வைஃபை இருக்கிற இடத்துல ஒரு ராத்திரி சார்ஜரோட விட்டுடுங்க.

மூணாவது, ஸ்டோரைத் தொடுறதுக்கு முன்னாடி விண்டோஸ் அப்டேட்டை முடிங்க. 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தி, இறங்கினதும் ரீஸ்டார்ட். மறுபடி செக், மறுபடி ரீஸ்டார்ட். இனி ஒண்ணும் இல்லைன்னு சொல்ற வரைக்கும்.

ரீஸ்டார்ட்னா ரீஸ்டார்ட்தான். மூடியைச் சாத்தினா அது தூக்கம். ஷட் டவுனும் முழு ஓய்வு இல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒரு வசதி பல லேப்டாப்ல ஆன்லயே வரும். சீக்கிரம் எழுந்திருக்கணும்னு, விண்டோஸோட மையப் பகுதியை அப்படியே டிஸ்க்ல சேமிச்சு வெச்சுட்டுத் தூங்கும். எல்லாத்தையும் முதல்ல இருந்து தொடங்குறது ரீஸ்டார்ட்தான்.

நாலாவது, இப்ப ஸ்டோர். ஓரத்துல 'லைப்ரரி' இல்லேன்னா 'டவுன்லோட்ஸ்'னு இருக்கும். அதுல அப்டேட் தேடுற பட்டன். பட்டியல்ல ஸ்டோரோட பேரே இருந்தா அதை முதல்ல முடிச்சு, மூடித் திறந்துட்டு மத்ததுக்குப் போங்க.

அப்பவும் எரர் வந்தா

எரர் நம்பரைப் பாத்துப் பயப்படாதீங்க, அதுல தகவல் இருக்கு. 80073டி02-ன்னு வந்தா, அந்த ஆப் இப்ப ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். மூடிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க, முடியலைன்னா ரீஸ்டார்ட். 80070070-ன்னா டிஸ்க்ல இடம் இல்ல. 128 ஜிபி லேப்டாப்ல இது சாதாரணமா வர்ற ஒண்ணு.

நம்பரும் இல்ல, சும்மா சுத்திட்டே இருக்குன்னா, ஸ்டார்ட்ல டபிள்யூ, எஸ், ரீசெட்னு இடைவெளி இல்லாம டைப் பண்ணி என்டர் தட்டுங்க. ஒரு கறுப்பு ஜன்னல் காலியா வந்து நிக்கும். மூடாதீங்க. ஸ்டோரோட தற்காலிகக் குப்பையைக் கூட்டிட்டு, அது மறைஞ்சு ஸ்டோர் திறக்கும்.

அதுவும் ஆகலைன்னா செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். தகராறு பண்ற ஆப்போட அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல 'ரிப்பேர்', 'ரீசெட்'னு ரெண்டு இருக்கும். ரிப்பேர் உங்க டேட்டாவைத் தொடாது. ரீசெட் அந்த ஆப் சேமிச்சதை அழிச்சிடும். அதனால ரிப்பேர் முதல்ல.

எங்கே கவனம் வேணும்

லேப்டாப் கம்பெனியோட டூல் 'பயாஸ் அப்டேட்' இருக்குன்னு சொல்லும். அது ஆப் அப்டேட் மாதிரி இல்ல. சார்ஜர் மாட்டாம, பேட்டரி குறைவா இருக்கும்போது தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணும்போது பல புது லேப்டாப்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிடும். பயாஸ் மாறினா, அடுத்த தடவை 48 இலக்க ரிகவரி கீ கேக்க வாய்ப்பு இருக்கு. அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல டிவைஸ் பகுதியில இருக்கும். இன்னைக்கே பாத்து நோட்டுல எழுதி வைங்க. கீ இல்லைன்னா ஃபைல் எல்லாம் போச்சு, கம்பெனியாலயும் எடுத்துத் தர முடியாது.

அடுத்தது, சர்ச் பண்ணி வர்ற ஏதோ ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. நம்பர் பெட்டியிலயோ கம்பெனியோட அதிகாரப்பூர்வ தளத்துலயோ இருக்கணும். யாராவது ஸ்கிரீனைத் தூரத்துல இருந்து பாக்குற ஆப்பைப் போடச் சொல்லி, கூடவே யுபிஐ-யும் திறக்கச் சொன்னா, உடனே கட் பண்ணுங்க. பணம் போயிருந்தா தாமதிக்காம 1930.

ஃபார்மேட் விஷயத்துக்கு வர்றேன். புது லேப்டாப்ல விண்டோஸ் லைசென்ஸ் வழக்கமா மதர்போர்டுலயே பதிஞ்சு வரும். அதை வீட்டிலயே, செட்டிங்ஸ்ல ரிகவரிக்குப் போய் 'ரீசெட் திஸ் பிசி' மூலமா காசில்லாம புதுசாக்கலாம். கடையில வேற எடிஷனை, அதுவும் கிராக் பண்ணினதைப் போட்டுட்டா, நீங்க காசு கொடுத்து வாங்கின லைசென்ஸ் சும்மா கிடக்கும், திருட்டு விண்டோஸ் ஓடிட்டு இருக்கும். வாரண்டி இருக்கிற லேப்டாப்பை முதல்ல கொண்டுபோக வேண்டிய இடம் சர்வீஸ் சென்டர்.

தங்கச்சி கதை என்ன ஆச்சு?

அவங்க லேப்டாப்ல எதுவும் கரப்ட் ஆகல. அப்பா போன் ஹாட்ஸ்பாட். முதல் நாளே யாரோ 'டேட்டா மிச்சமாகும்'னு சொன்னதால மீட்டர்டு ஆன். ஒன்பது நாளா மூடியைச் சாத்திச் சாத்தித் திறந்ததுல, ஒரு ரீஸ்டார்ட் கூட நடக்கல. ஹாஸ்டல் வைஃபையில ஒரு ராத்திரி, மூணு ரீஸ்டார்ட். காலையில பட்டியல் காலி.

ஆனா அவங்க பயந்தது கேமராவுக்குத்தானே? அதுக்கும் கேமரா ஆப் அப்டேட்டுக்கும் சம்பந்தமே இல்ல. டெஸ்ட் பிரவுசர்ல நடக்குது. பிரவுசர் டிரைவர் வழியா நேரா கேமராவைக் கூப்பிடும், அந்த ஆப்பைக் கேக்கவே கேக்காது. தேவைப்பட்டது, செட்டிங்ஸ்ல ப்ரைவசி, கேமரா, அங்க பிரவுசருக்கு அனுமதி. அது ஏற்கெனவே ஆன்ல இருந்தது. சனிக்கிழமையே மாதிரி டெஸ்ட் எழுதிப் பாத்துட்டு, "முகம் தெரியுது அண்ணா"ன்னு மெசேஜ் போட்டாங்க.

அந்த 1500 ரூபாய் இஎம்ஐ-க்குப் போச்சாம். உங்க லேப்டாப் என்ன சொல்லுது? எரர் நம்பரோட வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.