சுண்டெலியும் வெற்றிலைப் பையும்

பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், விடியற்காலையில் மலையேறும் தொழிலாளர் பலரிடம் கொழுந்துக் கூடையோடு வெற்றிலைப் பையும் இருக்கும். குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை என்பது அவர்தம் எண்ணம். அஃது உண்மையில் துணைதானா என்பதை அறிவதற்கு ஆய்வுகூடத்துச் சுண்டெலி உதவுகின்றது.

உயிர்க் கலங்களில் டி.என்.ஏ. எனும் நீண்ட இழை உளது. உடலை ஆக்கும் கட்டளைகள் அதில் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன எனலாம். அவற்றுள் ஒன்று குவானின். வீரியம் மிக்க ஒட்சிசன் கூறுகள் தாக்கினால் குவானின் உருத்திரியும். கலம் பிரியுங்கால் அது பிழையாகப் படிக்கப்பட்டு, அப்பிழை நிலைத்தும் விடக்கூடும். இதனைத் தடுக்கும் காவலர் இருவர். ஓ.ஜி.ஜி. 1 எனும் பரம்பரையலகு ஆக்கும் நொதியம், திரிந்த குவானினை வெட்டியெடுக்கும். எம்.வை.எச். எனும் பரம்பரையலகின் நொதியம், அதற்கெதிரே தவறாக வந்தமர்ந்த எழுத்தை அகற்றும்.

முதற் காவலன் இல்லாத சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வொன்றைத் தோமஸ் லிண்டால் உள்ளிட்ட குழுவினர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வெலிகளின் ஈரலில் திரிந்த குவானின் குவிந்தது. ஆயினும் புற்றுநோய் தோன்றவில்லை. லிண்டால் 2015இல் டி.என்.ஏ. திருத்த ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றோருள் ஒருவராவார். 2004இல் வெளியான வேறோர் ஆய்வில் காவலர் இருவரும் நீக்கப்பட்டனர். அப்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எலிகளுக்குக் கட்டிகள் உண்டாயின.

மனிதரிடத்தும் இவ்விரு காவலர் உளர். ஆனால் பாக்கும் சுண்ணாம்பும் வாயிற் கலக்கும்போது, குவானினைத் திரிக்கும் அதே ஒட்சிசன் கூறுகள் பிறக்கின்றன. எலியிடத்தில் காவல் குறைந்தது. வெற்றிலை மெல்லுவோரிடத்தில் கள்வர் பெருகுகின்றனர். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் விளைப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. புகையிலை சேர்ந்தால் தீங்கு மிகும். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

இந்நோய் பெரும்பாலும் முன்னறிவித்தே வருவது. வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரு வாரங்களாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயைத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடலாகாது. அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒருநாள் கூலி இழப்பு பெரிதுதான். எனினும் உயிரினும் பெரிதன்று. வெற்றிலைப் பையை இன்றே கைவிடுவோர், உள்ளிருந்து காக்கும் காவலரின் சுமையைக் குறைப்பவராவர்.