அலைகரைப் பற்றைகளை விட்டுவையுங்கள்



மரத்தவளை என்றால் சிங்கராசக் காட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அந்த மழைக்காட்டில், வாற்பேய்ப் பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும் இனங்கள் வாழ்கின்றன. 2002இல் மாதவ மீகஸ்கும்புர குழுவினர் இலங்கைத் தவளையினங்களின் பெருக்கத்தைச் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த பல இனங்களோ இன்று அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

கனகராயன்குளத்தில் நின்றுகொண்டு எங்கள் மரத்தவளையைப் பேசாமல் விடுவேனா? கோடையில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, மண்ணிற உடம்பு, தொடையின் பின்புறம் மஞ்சள் புள்ளிகள், அதுதான். தும்புத்தடியால் அடித்துத் துரத்துகிறோம். அது ஈரம் தேடி வந்த உயிர், அம்மா! தோலாலும் மூச்சுவிடுகிற உயிர். தோல் காய்ந்தால் செத்துப்போகும்.

மாரி விழட்டும், அப்போது பாருங்கள் அதன் கெட்டித்தனத்தை. நீருக்கு மேலே சாய்ந்த கொப்பில் இருந்துகொண்டு, தன் உடம்பில் சுரக்கும் நீரைப் பெண்தவளை பின்கால்களால் அடித்தடித்து நுரையாக்கும். முட்டைகள் அந்த நுரைக்குள். வெளிப்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரம் நிற்கும். குளத்து மீனுக்கு எட்டாது. சில நாளில் வாற்பேய்கள் நுரையை விட்டு நழுவி நீரில் விழும். நேர்கீழே நீர் இல்லையென்றால் அத்தனையும் தரையில் விழுந்து சாகும்.

அதனால்தான் குளம் திருத்தும்போது அலைகரையை மொட்டையாக வழிப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறுகிறது. கட்டில் மரம் நிற்கக்கூடாது, வேர் ஓடினால் கட்டுக்கு ஆபத்து. கமக்காரர் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் கட்டு வேறு, அலைகரை வேறு. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கனகராயன் ஆற்றங்கரை மருதுகளுக்கும் இதே நியாயம்தான். அவை யாருடைய கட்டையும் உடைக்கப்போவதில்லை.

தலைவர் ஐயா, மாரிக்கு முன்னர் சிரமதானம் வைப்பீர்கள். கட்டைத் துப்புரவாக்குங்கள். நீருக்கு மேல் சாய்ந்த பற்றைகளிலும் மருதங்கொப்புகளிலும் கத்தி வைப்பதில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். தோலாலும் மூச்சுவிடுகிற உயிர் அல்லவா, மருந்தடிக்கும் மெசினைக் குளத்தில் கழுவக்கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். அன்றைக்கு நானும் வருகிறேன்.