முகத்தைப் பாருங்கள், கண்ணைக் காப்பாற்றுங்கள்

(கூடுவாஞ்சேரியில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும்தான் என்று நினைக்கிறோம். புருஷன், பெண்சாதி இருவரும் உடம்பு சுகத்தோடு இருப்பதும் குடும்ப நலம்தான். அதனால் இன்றைக்கு முகத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் நேராகப் புறப்படுகின்றன. கபால நரம்புகள் என்று பெயர். மோப்பம், பார்வை, காது கேட்பது, விழுங்குவது, நாக்கை நீட்டுவது எல்லாம் இவற்றால்தான். இரண்டை மட்டும் ஞாபகம் வையுங்கள். ஐந்தாவது நரம்பு முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தருகிறது. ஏழாவது நரம்பு முகத்தை அசைக்கிறது, இமையை மூட வைக்கிறது.

கண்ணிலே தூசி விழுந்தால் ஐந்தாவது நரம்பு "உறுத்துது" என்று சொல்லும். ஏழாவது உடனே இமையை மூடும். இரண்டும் கெட்டுப்போனால்? தூசி விழுந்ததே தெரியாது, இமையும் மூடாது. கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடும்.

இந்த இரண்டையும் கெடுக்கக்கூடிய வியாதி தொழுநோய். நம் பக்கத்துக்கு இது புதிசு இல்லை. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. நோய் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அடியோடு போகவில்லை.

வீட்டிலே எப்படிப் பார்ப்பது? எதிரெதிரே உட்காருங்கள். தூங்குகிற மாதிரி லேசாகக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இடுக்கு தெரிகிறதா? புருவத்தைத் தூக்கட்டும், கன்னத்தை உப்பட்டும், பல்லைக் காட்டட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? பஞ்சால் நெற்றி, கன்னம், தாடையைத் தொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டே தொட்ட இடத்தைக் காட்ட வேண்டும். கருவிழியை மட்டும் தொடாதீர்கள். அது டாக்டர் செய்ய வேண்டிய சோதனை.

"ஏங்க, ராத்திரி ஒரு கண்ணு மூடாமலே தூங்குறீங்களே" என்று மனைவி சொன்னால், "தூக்கத்திலே எதையோ பார்த்திருப்பே" என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தை கண்ணைக் காப்பாற்றும். வெளுத்த அல்லது சிவந்த, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கூட்டு மருந்து இலவசம். நோயின் தன்மையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டர் சொன்னபடி சாப்பிடலாம். நரம்பு பலவீனம் வந்து ஆறு மாதம் ஆவதற்குள் வந்தால், சிகிச்சையால் தேறும் வாய்ப்பு அதிகம்.

முகம் கோணுவதெல்லாம் தொழுநோய் அல்ல. "காத்து பட்டுடுச்சு" என்று சொல்லும் முகவாதமும் ஏழாவது நரம்புக் கோளாறுதான். அதற்கும் முதல் 3 நாளிலேயே மருந்து தொடங்க வேண்டும். எண்ணெய் தடவி நாளைப் போக்காதீர்கள். திடீரென்று முகம் கோணி, கூடவே கை விழுந்தாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. தொழுநோய் பரம்பரை வியாதி அல்ல. மருந்து தொடங்கிய சில நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். முன்பு இதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கச் சட்டத்திலே இடமிருந்தது. 2019-ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டமே பிரிக்காதபோது நாம் பிரியலாமா? தனித் தட்டு, தனிப் பாய் வேண்டாம். கூட வந்து மருந்து வாங்கிக் கொடுங்கள்.

மாதம் ஒரு நாள், ஐந்து நிமிஷம், ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.