பன்னிரண்டு பலகைகள்



எழுதப்படாத சட்டம் யாருக்குத் துணை? ஏழைக்கா? இல்லை! எவன் அதைத் தன் நெஞ்சிலே பூட்டி வைத்திருக்கிறானோ, அவனுக்கு!

பண்டைய ரோமிலே அதுதான் நிலை. சட்டம் அறிந்தோர் உயர்குடிப் பெட்ரீஷியர். அதனால் அடிபட்டோர் எளிய குடிப் பிளபியர். எழுதி வையுங்கள், எல்லோரும் காண வையுங்கள் என்று பிளபியர் கேட்டனர், ஆண்டுக்கணக்கிலே கேட்டனர். கி.மு. 451லும் 450லும் பிறந்தன, பன்னிரண்டு பலகைகள்!

பொன்னுலகம் பூத்துவிட்டதா? இல்லை. கடன்பட்டவனைக் கட்டி வைக்கலாம் என்றது ஒரு விதி. பெட்ரீஷியரும் பிளபியரும் மணம் புரியலாகாது என்றது மற்றொன்று. அந்தத் தடை தகர்ந்தது கி.மு. 445லேதான். எனினும், அந்தப் பலகைகளிலே ஒரு மாணிக்கமும் இருந்தது. குடிமகன் ஒருவனின் உயிரைப் பறிக்கும் தீர்ப்பை, மக்கள் பேரவையன்றி வேறெவரும் வழங்கலாகாது என்ற விதியே அது!

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உருண்டன. கி.மு. 63. ஆட்சித் தலைவனாம் கான்சல் பதவியிலே சிசரோ. பரம்பரையால் அல்ல, நாவன்மையால் உயர்ந்தவன். கேட்டலைன் என்பான் சதி செய்தான். சதிக்கு உடந்தையானோர் ஐவர் சிக்கினர். கொல்லாதீர், சிறையிலே வையுங்கள் என்றான் சீசர். செனட் சபை செவி சாய்க்கவில்லை. மக்கள் பேரவை கூடவில்லை. வழக்கு மன்றம் விசாரிக்கவில்லை. ஐவரும் சிறையிலே கழுத்து நெரிக்கப்பட்டனர். நாட்டின் தந்தை என்று சிசரோவைப் புகழ்ந்தனர்!

புகழ் எத்தனை நாள்? கி.மு. 58லே, விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவன் நாடு கடத்தப்படுவான் என்று சட்டம் கொணர்ந்தான் குளோடியஸ். சிசரோ ஓடினான், அவன் மாளிகை இடிந்தது. மறு ஆண்டு மீண்டான். ஆனால், விதியை மீறிய வழி மூடப்படவில்லை!

கி.மு. 43. ஆண்டனி, அக்டேவியன், லெபிடஸ் மூவரும் கூடினர். பட்டியல் ஒன்று தீட்டினர். விசாரணை ஏது? வாதம் ஏது? பெயர் இருந்தால் போதும், தலை போகும்! சிசரோவின் பெயரும் இருந்தது. அவன் ஆதரித்து வளர்த்த அக்டேவியன் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. டிசம்பர் 7லே வெட்டுண்ட தலையும் கையும், அவன் முழங்கிய மேடையிலேயே வைக்கப்பட்டன!

ஐவர் சதிகாரர்தாமே, அவர்களுக்கு எதற்கு விசாரணை என்று கேட்கத் தோன்றும். ரோமாபுரியும் அப்படித்தான் எண்ணிற்று. அச்சம் மனிதனை அப்படித்தான் எண்ண வைக்கும். ஆனால், அதிகாரம் கை மாறும்; ஆபத்து வேளை என்ற சொல் மாறாது. நல்லவன் நமக்காக உடைத்த வேலியிலே, பொல்லாதவன் நம்மைத் தேடி நுழைவான்!

ஆகவே தோழர்களே, மாற்றான் கரத்திலே அதிகாரம் இருக்கும்போது சட்டம் பேசுவது எளிது. நம் கரத்திலே இருக்கும்போதும் மாற்றானுக்காக அதே சட்டத்தைப் பேசவேண்டும். பலகையைக் காப்பது அவன் தலைக்காக மட்டுமல்ல, நம் தலைக்காகவும்தான்!