திறமையும் பிறப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"படித்தால் முன்னுக்கு வரலாம்" என்பது கரம்பொன் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு முன்னரே கேட்கும் பாடம். மண் வறண்டது, கிணற்று நீரும் பல இடங்களில் உவர். ஆகவே நம் முன்னோர் கடலுக்கு அப்பால் வாழ்வு தேடினர். தென்னிலங்கைப் பட்டினங்களில் கடை வைத்தவர் சிலர். ஆங்கிலம் கற்று மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தவர் வேறு சிலர். மலாயாப் பென்சனில் எழுந்த கல்வீடுகளைப் பார்த்து, இவையெல்லாம் திறமையின் பயன் என்று பெருமை கொள்கிறோம்.

அந்த ஆங்கிலத்தைக் கற்றவர் யார்? சம்பளம் கட்ட வல்லவரின் பிள்ளைகள். கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர்தான் அந்தக் கதவு திறந்தது.

ஆனால், பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும், சம்பளம் மட்டுமா கதவை அடைத்து நின்றது? நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். சாதி பாராதவை என்று பெயர் பெற்ற அத்தகைய பாடசாலைகளிலுங்கூட ஒரு காலத்தில் சில பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியவில்லை, தரைதான் அவர்களுக்கு. 1930ஆம் ஆண்டளவில் சமஆசனம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் தீக்கிரையாயின. 1968இல், நம்மவரே நம்மவருக்கு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலை மறித்தனர். இந்து இளைஞராகிய நாம் இதை மறைத்துப் பேசுவது அழகன்று.

இனி நமக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1971இல் மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. ஒரே சோதனைக்கு மொழிக்கொரு அளவுகோல்! அந்த அநீதி ஒரு தலைமுறை இளைஞரின் நெஞ்சைச் சுட்டது. அதன் விளைவுகளை இங்கிருப்போர் அறிவார்கள்.

ஆனால் 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டையும் அதே கோபத்தோடு பார்ப்பது சரியா? மன்னாரிலும் வவுனியாவிலும் ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அது வழிவிட்டது. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைக்கும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் செல்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: நெடுந்தீவிலிருந்து வள்ளமேறி வரும் பிள்ளையும் நல்லூரில் மூன்று ரியூஷன் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையும் ஒரே யாழ் மாவட்டக் கணக்கிலே அடங்குவர்! மாவட்டம் என்பது மிகப் பெரிய சாக்கு. அடியில் கிடப்பது மேலே தெரிவதில்லை.

பிற நாடுகளும் இதில் தடுமாறியே வந்துள்ளன. சீனத்தில் 1905 வரை சுமார் 1300 ஆண்டுகள் அரச உத்தியோகத்துக்குப் பரீட்சை நடந்தது. குடியானவன் மகனும் எழுதலாம் என்பது விதி. ஆனால் பல்லாண்டு உழைக்காமல் படிக்க எந்தக் குடியானவனால் இயலும்? சென்னையில் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட ஆணையை இந்திய உச்ச நீதிமன்றம் 1951இல் தள்ளியது. அதே ஆண்டிலேயே அரசியலமைப்பைத் திருத்திப் பின்தங்கியோருக்கு வழி செய்தனர். இங்கிலாந்தின் மைக்கல் யங், திறமையே ஆளும் சமுதாயத்தைப் பற்றி 1958இல் ஒரு கேலி நூல் எழுதினார். அங்கே சோதனையில் வென்றவர்கள் தம் வெற்றி முழுவதும் தமக்கே உரியதென்று எண்ணிப் புதிய சாதியாகிவிடுகின்றனர். அவர் எச்சரிக்கையாகத் தந்த சொல்லை உலகம் பாராட்டாக எடுத்துக்கொண்டது! பல்கலைக்கழக விடுதியில் அந்தச் சாதியாரை நான் தினமும் காண்கிறேன். கண்ணாடி பார்க்கும்போதும் சில வேளை காண்கிறேன்.

என் புள்ளிகளில் எத்தனை என்னுடையவை? விடியற்காலை தேநீர் வைத்து எழுப்பிய அம்மாவுக்கு எத்தனை, பண்ணைப் பாலத்தால் நகருக்குப் போய்வரக் காசு தந்த மாமாவுக்கு எத்தனை?

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். மாலை ஆறு மணிக்கு நம் வாசிகசாலை பூட்டப்படுகிறது. அதனை ஒன்பது மணிவரை திறந்து வையுங்கள். மின்விளக்கும் பழைய வினாத்தாள்களும் போதும். விடுமுறையில் கணிதம் சொல்லித்தர நான் வருகிறேன். கரையோரக் குடிசைப் பிள்ளைகளையும் நாமே நேரிற் சென்று அழைக்க வேண்டும். வந்தவர்கள் எந்த வாங்கிலும் இருக்கலாம் என்று வாசலில் எழுத வேண்டியதில்லை. முதல்நாள் பெரியோர் சிலர் வந்து அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தாற் போதும்.