பழைய வாளின் பிறப்பிடம்



நம் நாட்டுப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் முன்னோர் வைத்துச் சென்ற வாள் ஒன்று இருப்பதுண்டு. நவராத்திரி முடிவில் அதற்குச் சந்தனப் பொட்டிட்டு வணங்குவாரும் உளர். “இது எக்காலத்தது?” என்று கேட்டால், “அரசர் காலத்தது” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையைச் சோதித்தறியும் வழியைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

வாளுக்குப் பிறப்பு இரண்டு. பிடி ஓரிடத்திற் பிறந்திருக்கும். அலகு வேறோரிடத்திற் பிறந்திருக்கும். ஆதலின் இரண்டையும் தனித்தனியே நோக்கல் வேண்டும்.

இலங்கைக்கே உரிய வாள் கஸ்தானை. அது குறுகியது, சற்றே வளைந்தது, ஒருபுறம் கூருடையது. பிடியின் தலையில் சிங்கமுகமோ மகரமுகமோ வாய் பிளந்து நிற்கும். கைகாப்பின் முனைகளிலும் சிறு தலைகள் காணப்படும். வெள்ளியும் பொன்னும் போர்த்துக் கண்களில் மணி பதித்தவையும் உள. இவ்வேலைப்பாடு இந்நாட்டுக் கம்மியருடைய கைத்திறன்.

ஆனால் அப்பிடியிற் பொருத்திய அலகு பல வேளைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்ததாகும். வீ என்னும் பெரிய ஆங்கில எழுத்தின் இரு கைகளிலும் ஓ, சீ என்பன கோத்த முத்திரை காணப்படின், அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் அடையாளம். அதன்மேல் ஏ என்னும் எழுத்து இருப்பின் ஆம்ஸ்டர்டாம் பிரிவைக் குறிக்கும். சிலவற்றில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே கணக்குப் பார்க்கலாம். யாழ்ப்பாண அரசு 1619 இல் வீழ்ந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658 இல். ஆகவே 1700க்குப் பிற்பட்ட ஆண்டு பொறித்த அலகு யாழ்ப்பாண மன்னர் கையில் இருந்திருக்க முடியாது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் கஸ்தானை முதலிமார் அணிந்த பதவிச் சின்னமாக விளங்கியது. அவ்வாள் போர்க்களத்தைக் காணாமல், ஆட்சியாளர் முன்னிலையிற் கட்டிய அரைக்கச்சையை மட்டும் கண்டிருக்கலாம். இவ்வுண்மை சிலருக்குக் கசக்கும். எனினும் யார் சொன்னாலும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ?

முத்திரை ஒன்றை மாத்திரம் நம்பி முடிவு கட்டுதலும் தகாது. ஜெர்மனியின் பாசாவு நகரத்து ஓநாய் முத்திரையைச் சோலிங்கன் நகரத்துக் கொல்லரும் தம் அலகுகளில் இட்டனர். எனவே பிடி, அலகு, உறை, வீட்டிலுள்ள நியமனப் பத்திரம், பழைய நிழற்படம் ஆகிய யாவும் ஒத்துச் சாட்சி கூறவேண்டும்.

இளைஞர்களே, குத்துவிளக்கை மினுக்குவதுபோல வாளைப் புளியிட்டு மினுக்காதீர்கள், சாணையும் பிடிக்காதீர்கள். முத்திரை அழிந்தால் சாட்சி அழிந்தது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் சிறிது பூசினாற் போதும். விலை பேசி வருவோரிடமும் விழிப்பாயிருங்கள். தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது.

பெரியோர்களே, அவ்வாள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதை நீங்கள் இருக்கும்போதே சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். இரும்பைத் துரு தின்னும். எழுதாத வரலாற்றை மறதி தின்னும். முன்னோர் பெருமையைக் கூட்டாமலும் குறையாமலும் பின்வருவோர் கையில் ஒப்படைப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் வழிபாடு.